இருபதில் ஒரு செக்கன்

சீகிரியாப் பாறைக் கோட்டையில் சிங்கப் பாதங்கள் இருக்கும் மேடையை நோக்கி ஏறும் வழியில் ஒரு பெரும் பாறாங்கல் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பதே சரி. அதன் பாரத்தைச் சின்னக் கல் முட்டுகள் சில தாங்குகின்றன. வழிகாட்டிகள் எல்லோரும் அந்த இடத்தில் கூட்டத்தை நிறுத்தி ஒரே கதையைச் சொல்வார்கள். பகைவர் ஏறி வந்தால் காவலர்கள் முட்டுகளைத் தட்டிவிடுவார்களாம். பாறை சரிவில் உருண்டு, வருகிறவனை வந்த வழியே அனுப்பிவிடுமாம். பிள்ளைகள் உடனே பாறையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பார்கள். கதையைப் பொறியியல் கண்ணோடு பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. மேலே ஏற்றிச் சேமித்த ஆற்றல், அதைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு சிறு தடை, தடையை எடுக்க ஒரு சிறு தட்டு. எலிப்பொறி முதல் பிஸ்டல்வரை எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

பிஸ்டல் என்றதும் இன்றைய பிள்ளைகள் பலருக்கு நினைவுக்கு வருவது திரையின் கீழ்மூலையில் தெரியும் கைதான். 'கவுன்டர் ஸ்ட்ரைக்', 'கோல் ஒஃப் டியூட்டி', 'பேட்டில்ஃபீல்ட்', 'பப்ஜி' என்று எந்தப் போர் விளையாட்டை எடுத்தாலும் பெரிய துவக்கில் ரவை தீர்ந்ததும் வெளியே வருவது ஒரு அரைத் தானியங்கிப் பிஸ்டல். மூன்று தசாப்தத்துக்குக் கிட்டப் போரைக் கண்ட நாட்டில் துவக்கைப் பற்றி எழுதுவது எனக்கு உவப்பான வேலையல்ல. ஆனாலும் தினமும் ஆயிரம் தடவை அதன் விசையைத் திரையில் அமுக்கும் ஒரு தலைமுறைக்கு, அந்தப் பொருளுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒருவராவது சொல்லவேண்டும். விளையாட்டு அதைச் சொல்வதில்லை. பிஸ்டலில் மிகச் சுவையான பகுதி எதுவோ, சரியாக அதைத்தான் அது வெட்டி எறிந்துவிடுகிறது.

முதலில் பலத்தைப் பார்த்துவிடுவோம். 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் சன்னம், அதாவது ரவையின் நுனியிலிருந்து பறந்துபோகும் துண்டு, சுமார் 8 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு 360 மீற்றர் அளவு வேகம். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 500 யூல். இப்போது சீகிரியாவுக்கு வாருங்கள். சுற்றியுள்ள நிலத்திலிருந்து பாறையின் உச்சி ஏறக்குறைய 180 மீற்றர். அங்கிருந்து ஒரு கிலோ கல் விழுந்தால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், ஆறு செக்கனில் தரையைத் தொடும். அப்போது அதன் ஆற்றல் 1,760 யூல், அதாவது மூன்று பிஸ்டல் சன்னங்களுக்கும் மேல். முட்டுக்கொடுத்த பாறையைப் பத்துத் தொன் என்று வையுங்கள். அது பத்து மீற்றர் இறங்கினாலே பத்து இலட்சம் யூலுக்குக் கிட்ட வருகிறது, ஏறத்தாழ இரண்டாயிரம் சன்னங்களின் ஆற்றல். பலம் என்ற கணக்கில், இந்தப் பாறையில் அரண் கட்டிய மன்னன் காசியப்பனின் ஆட்களுக்கு முன்னால் பிஸ்டல் ஒரு கொசு.

பாறையின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தடவை உருண்டால் முடிந்தது. பத்துத் தொன்னைத் திரும்ப மேலே ஏற்றி முட்டுக்கொடுக்க யானைகளும் வடங்களும் நாட்கணக்கில் ஆட்களும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, தம்பி முகலன் படையோடு வந்தபோது பாறையில் இருக்கவில்லை, இறங்கிச் சமவெளிக்குப் போனான் என்கிறது சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல். சதுப்பைக் கண்டு அவன் யானை விலகித் திரும்ப, மன்னன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை சிதறியது. அவன் தன் கையாலேயே கழுத்தை அறுத்துக்கொண்டான். சேமித்த ஆற்றல் சேமித்தபடியே கிடந்தது.

ஒரு தடவை மட்டும் வேலை செய்யும் ஆயுதம் இன்றும் அந்த வட்டாரத்தில் உண்டு. மாத்தளை, அநுராதபுரம், பொலன்னறுவைக் காட்டோரங்களில் காட்டுப்பன்றிக்கு என்று வைக்கும் கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறேன். சட்டவிரோதமானது. கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும். பன்றியென்றும் விவசாயியென்றும் அதற்கு வேறுபாடு தெரியாது. பலருக்குக் கால் போயிருக்கிறது. அதுவும் வெடித்தபின் வெறும் இரும்புக் குழாய்தான், யாராவது வந்து மருந்து கெட்டித்துத் திரும்பக் கட்டும்வரை.

ஆயுதங்களின் வரலாற்றைப் பலரும் மேலும் மேலும் பலமாகச் சுடுவதன் வரலாறாகப் பார்க்கிறார்கள். கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை அப்படிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவோல்வர்கள் சிலவற்றின் பலம் இன்றைய பிஸ்டலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. மாறியது, சுட்டபின் மறுபடி தயாராகும் வேலையை யார் செய்கிறார்கள் என்பது. பாறையில் அந்த வேலை யானைக்கு. கட்டுத்துவக்கில் வேட்டைக்காரனுக்கு. ரிவோல்வரில் சுடுகிறவனின் விரலுக்கு, ஏனென்றால் சுத்தியலை மடிக்கும் அல்லது விசையை இழுக்கும் அதே இழுப்பில்தான் உருளை ஒரு கண்ணறை சுழன்று அடுத்த ரவை வந்து நிற்கிறது. அரைத் தானியங்கிப் பிஸ்டலில் அந்த வேலை, வெடித்த ரவைக்கே விழுகிறது.

சீகிரியாவுக்கு இந்தக் கதையில் இன்னொரு இடமும் உண்டு. பாறைக்கு அருகிலேயே இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை ஒரு தளம் அமைத்தது. இன்று அது இலங்கை விமானப்படையின் சீகிரியா முகாம். 1943இல் 160ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சுமாத்திராப் பக்கம் பறந்தன. அந்த விமானிகளின் இடுப்பில் பொதுவாக இருந்தது .38 ரிவோல்வர். இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகளை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் எல்லாப் படைவீரரிடமும் பிஸ்டல் இருந்தது என்றே நினைப்பார்கள். அமெரிக்கர்களிடம் இருந்தது, ஜேர்மனியரிடம் இருந்தது. பிரித்தானியர் ரிவோல்வரை விட்டு முழுமையாக வெளியேற 1960கள் ஆயின.

அமெரிக்கர்களிடம் இருந்த எம்1911ஐ வடிவமைத்தவர் ஜோன் பிரவுனிங். 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் அதை ஏற்றது. அதற்கு முன் நடந்த சோதனையில் ஆறாயிரம் ரவைகளைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சுட்டுக் காட்டியது. மகசினில் ஏழு ரவை, .45 அளவு. 1985வரை அதன் பொதுப் பிஸ்டலாக இருந்து, பெரெட்டா எம்9க்கு வழிவிட்டது. 2017இல் எம்9க்குப் பதில் சிக் சவரின் எம்17 வந்தது. பிரவுனிங் தொடங்கிவைத்த அடுத்த பிஸ்டல், 9 மில்லிமீற்றர் 'ஹை பவர்'. 1926இல் பெல்ஜியத்தில் அவர் இறந்தபின் தியூதொனே சேவ் என்பவர் அதை முடித்தார். 1935இல் வெளிவந்தது. ரவைகளை இரட்டை வரிசையாக அடுக்கும் மகசின், அதில் பதின்மூன்று ரவை. போரில் ஜேர்மனி பெல்ஜியத்தைப் பிடித்து அந்தத் தொழிற்சாலையிலேயே தனக்குச் செய்துகொண்டது. நேச நாடுகள் கனடாவின் டொரொன்டோவில் இங்கிலிஸ் கம்பனியில் செய்தன. ஒரே பிஸ்டல் இரு தரப்பிலும். 1954இல் பிரித்தானியப் படை அதையே தன் பிஸ்டலாக்கியது. இந்தியாவின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் '9 எம்எம் 1ஏ' அதன் பிள்ளை.

பிரவுனிங்கின் பிஸ்டலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும்.

விசையை இழுக்கிறீர்கள். சுத்தியல் விழுகிறது. ஊசி போய் ரவையின் அடியிலுள்ள பிரைமரைக் குத்துகிறது. வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. ரவையின் வெளிக்கூடான கோதுக்குள் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேலே போகிறது. முன்னால் சன்னம், பின்னால் கோதின் அடி. வாயு இரண்டையும் ஒரே பலத்தோடு தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைச் சாதாரணதரப் புத்தகத்தில் படித்தபோது கொட்டாவி விட்டவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். சன்னம் முன்னே போகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் பின்னே போயே ஆகவேண்டும். அதை வாங்கிக்கொள்வது, பிஸ்டலின் மேற்பகுதியாக இருந்து முன்பின் வழுக்கும் சிலைட்.

சிக்கல் இங்கேதான். சன்னம் குழலுக்குள் இருக்கும்போதே சிலைட் பின்னால் ஓடி, ரவை இருக்கும் அறை திறந்துவிட்டால், அத்தனை அமுக்கமும் சுடுகிறவனின் முகத்தில் வெடிக்கும். ஆகவே கொஞ்ச நேரம் திறக்கக்கூடாது. எவ்வளவு நேரம்? சன்னம் குழலைத் தாண்டும் நேரம், சுமார் அரை மில்லிசெக்கன். பிரவுனிங்கின் விடை எளிமையானது. குழலின் மேல் சில முகடுகள், சிலைட்டின் உள்ளே அதற்கேற்ற பள்ளங்கள். இரண்டும் கோத்துக்கொண்டு ஒரே பொருளாகப் பின்னே நகரும். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்தால், 8 கிராம் சன்னம் 118 மில்லிமீற்றர்க் குழலைக் கடக்கும் நேரத்தில் இவை நகர்வது இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. சன்னம் வெளியேறிவிட்டது, அமுக்கம் விழுந்துவிட்டது. அதன்பிறகுதான் குழலின் பின்முனை கீழே சாய்ந்து கொக்கி விடுபடுகிறது. எம்1911இல் குழலைக் கீழே இழுப்பது ஆடும் சிறு இணைப்புத் துண்டு. ஹை பவரில் ஒரு சரிவுத் தடம். இன்றைய குளொக்கும் சிக் சவரும் அடிப்படையில் பின்பற்றுவது இரண்டாவதைத்தான்.

விடுபட்ட சிலைட் செக்கனுக்கு ஐந்தாறு மீற்றர் வேகத்தில் பின்னே பறக்கிறது. போகிற போக்கில் நகம்போன்ற ஒரு கொக்கி வெற்றுக் கோதை அறையிலிருந்து உருவுகிறது. ஓர் இரும்பு முனையில் கோது மோதி வலப்பக்கமாக வெளியே தெறிக்கிறது. சுத்தியல் பின்னுக்கு மடிந்து ஏறுகிறது. சுருள்வில் சுருங்குகிறது. பின் அதே வில் சிலைட்டை முன்னே தள்ள, மகசினின் மேல் ரவையை அது உரசி எடுத்து அறைக்குள் திணித்து, குழல் நிமிர்ந்து மறுபடி கொக்கி மாட்டிக்கொள்கிறது. மொத்தத்துக்கும் எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. குளொக் 18 என்பது விசையை அமுக்கிப் பிடித்தால் தொடர்ந்து சுடும் வகை. நிமிடத்துக்கு 1,200 ரவை அளவு வேகம். வகுத்துப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 0.05 செக்கன். இருபதில் ஒரு செக்கனில் பிஸ்டல் தன்னைத் தானே மறுபடி தயார்செய்துவிடுகிறது.

அப்படியானால் சாதாரணப் பிஸ்டலும் ஏன் விடாமல் சுடுவதில்லை? விரல் இருபதில் ஒரு செக்கனில் விசையை விடாதே. இதற்கென்றே உள்ளே ஒரு சிறு துண்டு இருக்கிறது. டிஸ்கனெக்டர் என்பார்கள். சிலைட் பின்னே போகும்போது இது கீழே அமுங்கி, விசைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடும். விரலைத் தளர்த்தினால்தான் தொடர்பு திரும்ப வரும். 'அரை'த் தானியங்கி என்பதில் உள்ள அந்த அரையை உண்டாக்குவது விரல்நகம் அளவிலான இந்த இரும்புத் துண்டுதான். என்னைக் கேட்டால் முழுப் பிஸ்டலிலும் அழகான உறுப்பு இதுவே. பலத்தைக் கூட்ட எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். பொறுமையை இரும்பில் செய்தவர்கள் குறைவு.

இனி நெட் கஃபேக்குப் போவோம். இரண்டாயிரங்களில் கண்டியிலும் மாத்தளையிலும் யாழ்ப்பாணத்திலும், பாக்குநீரிணைக்கு அப்பால் திருச்சியிலும் மதுரையிலும், பாடசாலை விட்டதும் பெடியன்கள் குந்தியிருந்த இடம் அது. ஓடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6'. பி, ஒன்று, மூன்று என்று விசைப்பலகையில் தட்டினால் கைக்கு டெசர்ட் ஈகிள் வரும், விலை 650 டொலர். பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது, 'நைட் ஹோக் .50சி' என்றிருக்கும். குளொக்குக்கு '9x19எம்எம் சைட்ஆர்ம்', யுஎஸ்பிக்கு 'கேஎம் .45 டக்டிகல்'. உண்மைப் பெயர் கம்பனியின் சொத்து என்பதால் இந்த மாறுவேடம். இது பின்னரும் தொடர்ந்தது. 2019இல் வந்த 'மொடர்ன் வோர்ஃபெயர்' விளையாட்டில் பெரெட்டா 'ரெனெட்டி' ஆகிவிட்டது. பெயர் மாறினாலும் சிலைட்டின் வெட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லும் பெடியன்களை யாரும் ஏமாற்ற முடியவில்லை.

திரைக்குப் பின்னால் அந்தப் பிஸ்டல் என்ன? ஒரு வரிசை எண்கள். மகசினில் எத்தனை, ஒரு சூடு எவ்வளவு உயிரைக் குறைக்கும், தலையில் பட்டால் எத்தனை மடங்கு, அடுத்த சூட்டுக்கு எவ்வளவு காத்திருக்கவேண்டும். 'கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ்' விளையாட்டில் குளொக் நிமிடத்துக்கு 400 தடவைக்கு மேல் சுடாது, டெசர்ட் ஈகிள் 267. அதாவது 0.15 செக்கன், 0.225 செக்கன். காத்திருப்புக் கடிகாரம் ஓடி முடிந்ததா, பொத்தானை விட்டுத் திரும்ப அமுக்கினானா? இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் சூடு. அவ்வளவுதான் நிரல். பிரவுனிங்கின் முகடும் பள்ளமும் சாய்வும் வில்லும் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையைக் கடிகாரம் செய்கிறது. டிஸ்கனெக்டரின் வேலையைச் செய்வது ஒரு வரி நிபந்தனை. அந்த வரியை ஏய்க்க மௌஸின் சக்கரத்தில் சுடும் கட்டளையைக் கட்டி, ஒரு சுழற்றில் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கியதாக நம்பவைத்தவர்கள் இருந்தார்கள். கடிகாரத்துக்கு முன்னால் அந்த வித்தை முழுதாகப் பலிக்காது.

திரையில் சிலைட் ஓடுவதைப் பார்க்கிறோமே என்று கேட்கலாம். அது படம் மட்டுமே. செக்கனுக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கன். உண்மையான சுற்று அதில் மூன்று ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். சன்னம் குழலுக்குள் இருக்கும் அரை மில்லிசெக்கன் ஒரு ஃபிரேமின் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அசைவை நீட்டி வரைகிறார்கள். பழைய விளையாட்டுகளில் குழல் சாயாது, சிலைட் மட்டும் பொம்மைபோல முன்பின் போய்வரும். அண்மைய சிலவற்றில் சாய்வும் தெரிகிறது. அதற்காக வரைகலைஞர்களைப் பாராட்டலாம், ஆனால் சாய்வை நீக்கிவிட்டாலும் அந்தப் பிஸ்டல் அதே வேகத்தில் சுடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

வகைகள் என்று விளையாட்டு அடுக்குவதும் இப்படித்தான். உண்மையில் பிஸ்டல் வகைகளைப் பிரிப்பது அந்த அரை மில்லிசெக்கன் தாமதத்தை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது. சிறிய ரவையென்றால் கொக்கியே வேண்டாம், சிலைட்டின் பாரமும் வில்லும் போதும், ரஷ்ய மக்கரோவ் அந்த வகை. பெரெட்டாவில் குழல் சாயாமல் நேராகவே பின்செல்ல, அடியிலுள்ள ஒரு கட்டை கீழிறங்கி விடுவிக்கும். டெசர்ட் ஈகிளின் ரவை கொஞ்சம் அதிகம் முரடு. ஆகவே அது பெரிய துவக்குகளைப்போல வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருடி அதைக்கொண்டு திறக்கிறது. விளையாட்டு இவற்றை எல்லாம் ஒரே நிரலில் ஓட்டி, மேலே வேறு வேறு தோலைப் போர்த்துகிறது. சில வேளை இல்லாத வகையையும் படைக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் குளொக் 18க்கு மும்மூன்றாகச் சுடும் முறை உண்டு. உண்மையான குளொக் 18இல் ஒற்றைச் சூடும் தொடர்ச்சூடும்தான் உண்டு. மும்மூன்றாகச் சுடும் பிஸ்டல் இத்தாலியின் பெரெட்டா 93ஆர். யாரோ ஒருவர் இத்தாலிக் குணத்தை ஒஸ்திரியப் பிஸ்டலுக்கு ஏற்றிவிட்டார், இருபது ஆண்டுக்கு மேலாக அது அப்படியே இருக்கிறது.

.45 பெரிது, ஆகவே பலமானது என்பதும் விளையாட்டுகள் வளர்த்த நம்பிக்கை. .45 சன்னம் 15 கிராம், வேகம் செக்கனுக்கு 255 மீற்றர். ஆற்றலைக் கணக்கிட்டால் 485 யூல் அளவு, 9 மில்லிமீற்றருக்குச் சமம்தான். கூடுவது உந்தம், அதனால் கையில் உதைப்பு. அந்த உந்தமும் ஆளைத் தூக்கி எறியாது. 9 மில்லிமீற்றர் சன்னத்தின் முழு உந்தத்தையும் 60 கிலோ மனிதருக்குக் கொடுத்தால் அவர் செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்வார். சூடு பட்டவர் சுவரைத் துளைத்துக்கொண்டு பறப்பது சினிமாவிலிருந்து விளையாட்டுக்கு வந்த பழக்கம்.

தூரத்துக்கு வருவோம். பல விளையாட்டுகளில் சன்னம் என்ற பொருளே கிடையாது. பொத்தானை அமுக்கிய கணத்தில் குறியை நோக்கி ஒரு நேர்கோடு இழுத்து, அது யாரைத் தொடுகிறது என்று பார்த்துவிடுவார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் அப்படி. பேட்டில்ஃபீல்டும் பப்ஜியும் சன்னத்தை உண்மையாகவே பறக்கவிடுகின்றன. 50 மீற்றருக்கு 9 மில்லிமீற்றர் சன்னம் எடுக்கும் நேரம் சுமார் 0.15 செக்கன். அதற்குள் அது 11 சென்ரிமீற்றர் இறங்கும், குறுக்கே ஓடுகிறவர் முக்கால் மீற்றர் தாண்டியிருப்பார். இன்னொரு தந்திரமும் உண்டு: தூரம் கூடக்கூடப் பிஸ்டலின் சேதத்தைச் சரசரவென்று குறைத்துவிடுவார்கள். உண்மையில் 50 மீற்றரில் சன்னம் இழப்பது ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்களவே. பிஸ்டல் தூரத்தில் தோற்பது மனிதக் கையால். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 16 சென்ரிமீற்றர்தான். அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினால் 50 மீற்றரில் 31 சென்ரிமீற்றர் பிசகும். கை நடுங்குவதை மௌஸ் பிடித்தவனிடம் காட்டமுடியாது, ஆகவே குற்றத்தைச் சன்னத்தின் மேல் போட்டுவிட்டார்கள். எனக்கு இது நியாயமான பொய்யாகவே படுகிறது.

கை என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பிஸ்டல் தன்னைத் தானே தயார்செய்கிறது என்றேனே, அதற்கு அது சாய்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். சிலைட் பின்னே ஓட, கீழ்ப்பகுதி அசையாமல் நிற்கவேண்டும். அதை நிறுத்துவது மணிக்கட்டு. பிடி தளர்ந்தால் பிஸ்டல் முழுவதுமே பின்னே போகும், சிலைட் முழுத்தூரம் ஓடாது, வெற்றுக் கோது வாசலில் புகைபோக்கிபோல நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். புதிதாகச் சுடப் பழகுகிறவர்களின் வழக்கமான அனுபவம் இது. ஒலியடக்கி மாட்டினாலும் இதே தொல்லை. சாயவேண்டிய குழலின் நுனியில் பாரம் தொங்குவதால் அது சாயத் தயங்கும். ஆகவே ஒலியடக்கிக்குள் ஒரு வில்லை வைத்து, அந்தப் பாரத்தைக் கணநேரம் குழலிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். திரையில் ஒலியடக்கி என்பது 'டிஸ்யூம்' 'புஸ்' ஆவதும் சேதம் கொஞ்சம் குறைவதும் மட்டுமே. விளையாட்டுப் பிஸ்டல் பெரும்பாலும் மாட்டிக்கொள்வதே இல்லை. 2008இல் வந்த 'ஃபார் க்ரை 2' ஒரு விதிவிலக்கு: அதில் துவக்குகள் துருவேறும், பழசாகப் பழசாகச் சண்டைக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். விளையாடியவர்கள் பலர் திட்டினார்கள். என் ஓட்டு அந்த விளையாட்டுக்குத்தான்.

மகசின் மாற்றுவதில்தான் விளையாட்டு மிகத் துணிந்து புளுகுகிறது. பதின்மூன்று ரவையில் ஐந்தைச் சுட்டுவிட்டு மகசினைக் கழற்றி எறிகிறீர்கள். மிச்சம் எட்டும் உங்கள் சட்டைப் பைக்குத் தாமாகத் திரும்பி, வேறொரு மகசினுக்குள் வரிசையாக ஏறிக்கொள்கின்றன. உண்மையில் அந்த எட்டில் ஒன்று அறைக்குள், மற்ற ஏழும் மண்ணில். 'ஆர்மா' போன்ற சில விளையாட்டுகள் ஒவ்வொரு மகசினையும் அதனதன் மிச்சத்தோடு கணக்கு வைக்கின்றன. அறைக்குள் ஒரு ரவை இருக்கும்போது மகசின் மாற்றினால் பதின்மூன்று பதினான்காகும் என்பதையும் இப்போது பல விளையாட்டுகள் கற்றுக்கொண்டுவிட்டன. 2007இன் 'கோல் ஒஃப் டியூட்டி 4' முடிவில், காயப்பட்டுக் கிடக்கும் வீரனிடம் கப்டன் பிரைஸ் தரையில் தள்ளிவிடும் எம்1911ஐ மறந்தவர் குறைவு. அந்தக் காட்சியில் விளையாடுகிறவர் நினைவில் வைப்பது பிஸ்டலை அல்ல, நேரம் மெல்ல நகர்வதை. உண்மைப் பிஸ்டலின் விடயமும் நேரம்தான் என்பதை அறியாமலே அந்தக் காட்சியை அமைத்தவர் சரியாகத் தொட்டுவிட்டார்.

வீட்டில் இந்த விளையாட்டுகளை ஆடும் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் அமர்ந்து இரண்டு விடயங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ரவை போனதும் சிலைட் பின்னாலேயே திறந்து நிற்கிறதா? பாதி மகசினைக் கழற்றினால் மிச்ச ரவை கணக்கிலிருந்து போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், அந்த விளையாட்டைச் செய்த கூட்டத்தில் ஒருவராவது உண்மையான பிஸ்டலைக் கழற்றிப் பூட்டிப் பார்த்திருக்கிறார்.